டியூப்லைட்டுப் பல்லி: சோமனூர் ரோட்டு மாணவர் ஜெபக்குழு, ஒரு நிகழ்வு ஆய்வு

ஜூன் கடைசியில் ஒரு ஞாயிறு மத்தியானம் அந்தத் தம்பி வீட்டுக்கு வந்தான். மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம், சொந்த ஊர் கோபிப் பக்கம். மாணவர் ஜெபக்குழுவுக்கு அந்த வருஷத்துப் பொறுப்பாளர். கொடுத்த தண்ணீரைக் குடித்து முடிக்கும் முன்பே விஷயத்துக்கு வந்துவிட்டான்.

“ஏனுங்க அங்கிள், ஆராதனையில பசங்க நிக்கவே மாட்டேங்கறாங்க. உடம்பு மட்டும் வருது, மனசு ஹாஸ்டல்லயே கெடக்குது. ஒரு வாரம் நீங்க வந்து நல்லாக் கண்டிச்சுப் பேசோணுங்க.”

கண்டிப்பதற்கு என்னைத் தேடி வந்ததில் ஆச்சரியமில்லை. கோவையில் ஒரு பம்பு கம்பெனியில் 26 வருஷமாகத் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். குறை சொல்லியே சம்பளம் வாங்குகிறவன். அந்தக் குழுவில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தேவசெய்தி கொடுக்கக் கூப்பிடுவார்கள். ஆனால் அதே வேலைதான் எனக்கு இன்னொன்றையும் கற்றுக்கொடுத்திருக்கிறது. வார்ப்பில் பொத்தல் விழுந்தால் ஊற்றினவரைத் திட்டுவது எங்கள் தொழிலில் பழைய வழக்கம். போய்ப் பார்த்தால் மண்ணில் ஈரம் கூடிப்போயிருக்கும். ஆவி வெளியேற வழியில்லாமல் இரும்புக்குள்ளேயே நின்று பொத்தலாகியிருக்கும். ஊற்றினவரைத் திட்டினால் அடுத்த வார்ப்பிலும் அதே பொத்தல்தான் வரும்.

“4 சனிக்கிழமை பின்வரிசையில சும்மா உக்காந்துக்கறேன். ஒண்ணும் பேச மாட்டேன். அப்புறம் பாக்கலாம்” என்றேன். தம்பிக்கு அவ்வளவாகத் திருப்தியில்லை. சரிங்க என்று போனான்.

இடமும் ஆட்களும்

கோவையிலிருந்து அவிநாசி ரோட்டில் கிழக்கே போனால் கருமத்தம்பட்டி. அங்கிருந்து சோமனூர்ப் பக்கம் திரும்பினால் தறிச்சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். அந்த ரோட்டில், ஒரு விசைத்தறிக் கூடத்தை ஒட்டிய வீட்டின் மாடி ஹாலில்தான் குழு கூடுகிறது. சனிக்கிழமை சாயங்காலம் 5:30 மணி. சுற்றியுள்ள பொறியியல், கலை, நர்சிங் கல்லூரிகளிலிருந்து 30, 35 பேர் வருவார்கள்.

இவர்கள் எல்லோரும் ஒரே வார்ப்பு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், பின்னால் வரும் முக்கால்வாசிச் சிக்கல் அதில்தான் இருக்கிறது. கொங்கு நாட்டில் கிறிஸ்தவர்கள் எப்போதுமே சிறு கூட்டம், அதற்குள்ளும் பல கிளை. கருமத்தம்பட்டி மாதா கோவிலுக்கு 17ஆம் நூற்றாண்டு வரைக்கும் போகிற பழமை உண்டு. லண்டன் மிஷனரிச் சங்கம் 1830இல் கோவைக்கு வந்தது. அந்த வழியில் வந்த சபைகள்தான் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையோடு சேர்ந்தன. பெந்தெகொஸ்தே சபைகள் அதற்கப்புறம் பெருகின. கல்லூரிகள் வந்தபோது நாகர்கோவில், தூத்துக்குடி, திருநெல்வேலிப் பிள்ளைகள் தங்கள் ஊர் ஞானப்பாட்டோடு இங்கே ஹாஸ்டலுக்கு வந்தார்கள். நர்சிங் கல்லூரியில் மலையாளம் பேசுகிற பிள்ளைகள் சிலர். சத்தியமங்கலம், அந்தியூர்ப் பக்கத்திலிருந்து வீட்டிலேயே முதல் ஆளாக விசுவாசத்துக்கு வந்தவர்கள் நாலைந்து பேர். இத்தனை பேரும் ஒரே ஹாலில், ஒரே நேரத்தில், ஒரே மாதிரி கண்ணை மூட வேண்டும் என்று பொறுப்பாளர் தம்பி எதிர்பார்த்தான்.

பின்வரிசையிலிருந்து

கம்பெனியில் செய்வதுபோல ஒரு நோட்டில் மணியைப் போட்டு எழுதிக்கொண்டேன். முதல் சனிக்கிழமைக் குறிப்பு இது.

5:30க்கு 9 பேர். கீபோர்டுக்கு ஒயர் தேடுகிறார்கள். 5:41க்கு மைக் கூவுகிறது, காதைப் பொத்திக்கொண்டு எல்லோரும் சிரிக்கிறார்கள். 5:52க்கு முதல் பாட்டு. அதற்குள் முதலில் வந்த 9 பேரும் 22 நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். சும்மா உட்கார்ந்தவன் கை எங்கே போகும், பாக்கெட்டுக்குத்தான்.

பாட்டு நடத்துகிற தங்கச்சி பாட்டின் முதல் வரியைச் சொல்கிறாள். உடனே 30 பேரும் போனை எடுத்து வரிகளைத் தேடுகிறார்கள். ஒருவருக்கு ஒரு தளத்தில் கிடைக்கிறது, இன்னொருவருக்கு வேறு சரணம் வருகிறது, மூன்றாமவருக்கு வீடியோ ஓட ஆரம்பித்து விளம்பரம் அலறுகிறது. தேடும்போதே மேலே ஒரு செய்தி வந்து விழுகிறது. அதைத் தள்ளிவிடப் போன விரல் அதைத் திறந்துவிடுகிறது. 5 பாட்டுக்கு 5 தடவை இது நடந்தது. “பசங்க போனையே பாத்துட்டு இருக்காங்க” என்பது பொறுப்பாளரின் முதல் புகார். ஒவ்வொரு தடவையும் போனை எடுக்கச் சொன்னது நடத்துகிறவர்கள்தான் என்பது 4 வாரம் நோட்டில் எழுதிய பிறகுதான் அவனுக்கே தெரிந்தது.

ஹாலின் வாசல் மேடைக்குப் பக்கத்தில் இருந்தது. நேரம் கழித்து வருகிறவர்கள் எல்லோர் முகத்துக்கும் நேராக வந்து, செருப்பைக் கழற்றி, குனிந்து, இடம் தேடிப் போக வேண்டும். 6:15 வரைக்கும் ஆள் வந்துகொண்டேயிருந்தார்கள். ஒவ்வொருவர் வரும்போதும் 30 தலை திரும்பி 30 தலை நேரானது. இதில் யாரைக் குற்றம் சொல்வது? மாட்டுக்குக்கூட அசைகிறதைப் பார்க்கத்தான் கண் கொடுத்திருக்கிறது.

6:10க்கு அறிவிப்பு. ரிட்ரீட் என்கிற ஜெப முகாமுக்குப் பணம் கட்டாதவர்கள் பெயர் வாசிக்கப்பட்டது. துதிப்பாட்டுக்கும் வேத வாசிப்புக்கும் நடுவில்! பெயர் வாசிக்கப்பட்ட 7 பேரும் அதற்கப்புறம் வேதத்தில் வாசித்த சங்கீதத்தைக் கேட்டிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

6:40க்குக் கீழ்வீட்டில் டீக்கு இஞ்சி தட்டும் சத்தம். ஐந்து நிமிடத்தில் வாசனை மேலே ஏறி வருகிறது. அப்போதுதான் தேவசெய்தி தொடங்கியிருக்கிறது. பிள்ளைகள் மத்தியானம் 12:30க்கு மெஸ்ஸில் சாப்பிட்டவர்கள்.

ஜூலை மாதம் வேறு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று இந்தப் பக்கத்தில் ஆளைத் தள்ளும். மேற்கு ஜன்னல் படார் படார் என்று அடிக்கிறது என்று எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டார்கள். 34 பேர் மூச்சு விடுகிற மூடின ஹால், 50 நிமிடச் செய்தி. பேசியது நான் மதிக்கிற ஒரு பெரியவர், விஷயமும் நல்ல விஷயம். ஆனால் 7:10க்கு எண்ணியபோது 6 பேர் தூங்கிவிட்டார்கள், அதில் கிதார் வாசிக்கிற பையனும் ஒருவன். துரோவா பட்டணத்து மேல்வீட்டில் பவுல் நடுராத்திரி மட்டும் பிரசங்கித்தபோது ஐத்திகு என்கிற வாலிபன் ஜன்னலில் உட்கார்ந்தபடியே தூங்கி, மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தானே, அப்போஸ்தலர் நடபடிகள் 20இல், அந்த இடத்தை எழுதின லூக்கா ஒரு வரி சேர்த்திருக்கிறார்: அந்த மேல்வீட்டில் அநேக விளக்குகள் இருந்தன. எண்ணெய் விளக்கு, கூட்டம், நடுராத்திரி. லூக்கா வைத்தியர் என்பார்கள். தூங்கினவனை அவர் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. பவுலும் இறங்கிப்போய்க் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டு, மறுபடி மேலே வந்து விடியும் வரை பேசியிருக்கிறார், அது வேறு கதை.

சீட்டில் வந்த பல்லி

நான்காம் சனிக்கிழமை முடிவில் ஆளுக்கு ஒரு துண்டுச்சீட்டு கொடுத்தேன். பெயர் வேண்டாம், இன்றைக்கு ஆராதனையில் உன் கவனம் எங்கெங்கே போனது, ஒளிக்காமல் எழுது. பொறுப்பாளருக்குப் பயம், “இதெல்லாம் எழுத வெச்சா இன்னும் ஜாஸ்தியாகிருமுங்க” என்றான்.

வந்த சீட்டுகளை வரிசையாகப் பரப்பி வைத்துப் படித்தோம். இன்டர்னல் மார்க். அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். ஹாஸ்டல் கேட் 8 மணிக்குச் சாத்திவிடுவார்கள். கீபோர்டு அண்ணன் தப்பாக வாசித்தார், சிரிப்பு வந்தது. நான் பாடுவது மற்றவர்களுக்கு நன்றாகக் கேட்கிறதா என்று. அவன் என்னைப் பார்க்கிறானா என்று. (இந்தச் சீட்டை மட்டும் தனியாக எடுத்துக் கிழித்துவிட்டேன்.) “தறி நின்னப்போ.” இரண்டு பேர் ஒரே பதில் எழுதியிருந்தார்கள்: டியூப்லைட்டில் பல்லி பூச்சி பிடித்தது.

பல்லியைப் படித்ததும் பொறுப்பாளர் தலையில் அடித்துக்கொண்டான். எனக்கு அகுஸ்தீன் ஞாபகம் வந்தார். ஹிப்போவின் ஆயர், மேற்கத்திய சபையின் பெரிய ஞானி, 1,600 வருஷத்துக்கு முன்னால் தன் மனதைக் கடவுளுக்கு முன் பிரித்துப் போட்டு எழுதும்போது இதையேதான் ஒத்துக்கொண்டார். வீட்டில் உட்கார்ந்திருக்கையில் பல்லி ஈயைப் பிடிப்பதும் சிலந்தி தன் வலையில் சிக்கியதைச் சுற்றிக்கட்டுவதும் என் கவனத்தை இழுத்துக்கொள்கிறதே என்றார். அதிலிருந்து கடவுளைத் துதிக்கப் போய்விடுகிறேன், ஆனாலும் முதலில் பார்த்தது அதற்காக அல்ல என்றும் சொன்னார். இதைச் சொன்னதும் தம்பிக்கு முகம் கொஞ்சம் தெளிந்தது. பல்லி பார்த்த இரண்டு பேரில் ஒருவன் அவன்தான் என்று அப்புறம் சொன்னான்.

சீட்டுகளைப் பிரித்தோம். வெளியிலிருந்து வந்து கவனத்தைப் பறித்தவை ஒரு பக்கம். பையிலேயே கட்டிக்கொண்டு வந்தவை இன்னொரு பக்கம். முதல் பக்கம்தான் பெரிய குவியல், அதில் முக்கால்வாசி நாமே செய்தது. அந்தக் குவியலைத் திருத்தினால்தான் இரண்டாவதைத் தொட நமக்கு வாய் உண்டு என்று முடிவுசெய்தோம்.

தறி பற்றி எழுதினவன் நல்ல விஷயம் பிடித்திருந்தான். சோமனூர்ப் பிள்ளைகளுக்குத் தறிச்சத்தம் காதில் விழுவதேயில்லை. மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கும் மூன்றாம் வாரம் விழாமல் போய்விட்டது. ஒரே சீராகப் போகிற சத்தத்தை மனது தள்ளிவைத்துவிடும். நின்றால்தான் எல்லோரும் தலை தூக்குவார்கள்.

முதல் தோல்வி: போன் கூடை

முதலில் செய்தது தப்பு. போன்தான் எதிரி என்று ஒரு துணிக்கூடையை வாசலில் வைத்தார்கள், எல்லோரும் போட்டுவிட்டு உள்ளே வர வேண்டும். நானும் தலையாட்டினேன். போன் மேசையில் சும்மா கிடந்தாலே மனதின் ஒரு பங்கை இழுத்துக்கொள்கிறது, வேறு அறையில் வைத்தவர்கள் நன்றாகச் செய்தார்கள் என்று 2017இல் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ஏறக்குறைய 800 பேரை வைத்துச் சோதித்துச் சொன்னதைப் படித்திருந்தேன். அதையே திரும்பச் செய்துபார்த்தவர்கள் எல்லோருக்கும் அதே முடிவு கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துப் படித்திருக்க வேண்டும்.

கூடை மேடைக்குப் பக்கத்து வாசலில். 30 போன் ஒட்டுக்காக் கிடந்தால் ஏதாவது ஒன்று உறுமிக்கொண்டேயிருக்கும். ஒவ்வொரு உறுமலுக்கும் 30 பேரும் ‘என்னுதா?’ என்று பார்த்தார்கள். வேதாகமமும் போனிலேயே இருந்ததால் வசனம் வாசிக்கச் சொன்னபோது பாதிப் பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அம்மாவுக்கு ஆபரேஷன் என்று எழுதின பிள்ளைக்கு அன்றைக்கு வீட்டிலிருந்து 4 தடவை அழைப்பு வந்திருக்கிறது, அவள் அறியவில்லை. மறு வாரம் அவள் வரவில்லை. அதோடு கூடையை எடுத்துவிட்டோம்.

அவள் வீட்டுக்குப் பொறுப்பாளரே பேசி மன்னிப்புக் கேட்டான். அதன் பிறகுதான் ஒரு ஏற்பாடு வந்தது. கீழ்வீட்டு அக்காவின் நம்பரை எல்லோரும் வீட்டில் கொடுத்துவிட வேண்டும், அவசரம் என்றால் அக்கா மேலே வந்து தோளைத் தொட்டுக் கூப்பிடுவார். போனை அணைத்துப் பையில் வைப்பது அவரவர் விருப்பம். கட்டாயமில்லை என்றதும் அணைத்தவர்கள்தான் அதிகம்.

திருத்தியவை

வாசல் பிரச்சினைக்கு 10 நிமிட வேலை. நாற்காலிகளை எதிர்ப்பக்கம் திருப்பிப் போட்டோம், இப்போது வாசல் முதுகுப்பக்கம். பிளக் பாயின்ட் தூரமாகிவிட்டது என்று கீபோர்டு தம்பிக்குக் கோபம், 350 ரூபாய்க்கு ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கிக் கொடுத்தோம். கடைசி வரிசை எப்போதும் நேரம் கழித்து வருகிறவர்களுக்குக் காலியாக இருக்கும்.

மேற்கு ஜன்னலுக்குக் கொக்கி போட்டு, கிழக்கு ஜன்னல் இரண்டையும் திறந்துவைத்தோம். டீயும் தேங்காய் பன்னும் 5:15க்கு, கூட்டத்துக்கு முன்னால். இந்த ஒரு மாற்றத்திலேயே நேரத்துக்கு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள், தேங்காய் பன் தீர்ந்துவிடும் பயத்தில்தான். காரணம் எதுவானால் என்ன. அறிவிப்புகள் எல்லாம் கடைசி ஆசீர்வாதத்துக்கு முன், பணம் கட்டாதவர் பெயர் எப்போதும் இல்லை. செய்தி 25 நிமிடம். பெரியவர்கள் யாராவது வந்தால் இதை அவர்களிடம் சொல்லும் கஷ்டம் என் தலையில் விழுந்தது. ஒருவர் வருத்தப்பட்டார். ‘உன் வார்த்தைகள் சுருக்கமாயிருப்பதாக’ என்று பிரசங்கி 5:2 சொல்லுவதை எடுத்துக் காட்டலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

பாட்டு விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். வாரத்துக்கு 5 புதுப் பாட்டு என்று இருந்தது. இந்தப் பருவம் முழுவதற்கும் 12 பாட்டு, அதை மனப்பாடமாக என்று மாற்றினோம். மாணவர்களுக்குப் பிடித்த புதுப் பாட்டு 6, கீர்த்தனை 4, மேல்நாட்டு மெட்டில் பாடுகிற பாமாலை 2. கீர்த்தனையைச் சேர்த்தது நாகர்கோவில்காரர்களைச் சமாதானப்படுத்த என்றுதான் முதலில் நினைத்தார்கள். பாடிப்பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் காலத்திலிருந்து தமிழ்க் கீர்த்தனைகள் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று கட்டப்பட்டவை. எந்தச் சரணத்தில் தொலைந்துபோனாலும் பல்லவிக்குத் திரும்ப வந்துதான் ஆக வேண்டும். நடுவில் மனது இன்டர்னலுக்குப் போய்விட்டது என்று வையுங்கள், பல்லவி வந்து கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. தவறிப்போனவன் திரும்பி வர ஒரு வாசல் கட்டிவைத்த அமைப்பு அது. புதுப் பாட்டுகளில் ஒரே வரியைப் பத்து தடவை பாடுகிறார்கள் என்று குறைசொல்கிற பெரியவர்களுக்கும் இதில் ஒரு பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன், ஆனால் பத்து கொஞ்சம் அதிகம்தான்.

வரிகள் மறப்பவர்களுக்கு ஒரே பக்கத்தில் 12 பாட்டும் அச்சடித்த தாள். மலையாளப் பிள்ளைகளுக்காக அதே பாட்டுகளைத் தமிழ் உச்சரிப்பிலேயே மலையாள எழுத்தில் ஒரு மாணவி எழுதிக் கொடுத்தாள். அதுவரை அவர்கள் வாயசைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது எங்களுக்கே அப்போதுதான் தெரியும்.

சத்தமா, அமைதியா

தீராத சண்டை இதில்தான். “எல்லாரும் சேர்ந்து சத்தமா ஜெபிப்போம்” என்றதும் பாதி ஹால் கையை உயர்த்திக் கூவும். பெந்தெகொஸ்தே வீட்டிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு அதுதான் கவனம். வாய் ஓய்ந்தால் மனது ஓடிவிடும் என்பார்கள். திருநெல்வேலிப் பக்கத்து நர்சிங் பிள்ளை ஒருத்தி என்னிடம் சொன்னாள்: “அங்கிள், பக்கத்துல கத்துனா எனக்கு என் ஜெபமே எனக்குக் கேக்காது.” இரண்டு பேர் சொல்வதும் உண்மை. ஒருவருடைய ஆராதனை இன்னொருவருக்குக் கவனச்சிதறல்.

இன்னொரு பையன், சத்தியமங்கலம் பக்கம், வீட்டில் முதல் ஆள். பொறுப்பாளரின் ‘கவனம் இல்லாதவர்கள்’ பட்டியலில் முதல் பெயர் அவன்தான், எப்போதும் ஒரு கண்ணைத் திறந்து சுற்றிப் பார்க்கிறான் என்று. கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டு, “எப்ப எந்திரிக்கோணும், எப்பக் கையத் தூக்கோணும்னு தெரியாதுங்க. பாத்துத்தானுங்க பண்றேன்” என்றான். கும்பிடக் கற்றுக்கொள்கிறவன் வேறெங்கே பார்ப்பான்? அன்றையிலிருந்து நடத்துகிறவர்கள் வெறுமனே “ஸ்தோத்திரம்” என்று விடாமல், “இப்ப எழுந்து நிற்போம், விருப்பமுள்ளவங்க கைய உயர்த்தலாம், 5 நிமிஷம்” என்று ஒரு வாக்கியம் சொல்ல ஆரம்பித்தார்கள்.

சத்த ஜெபத்தை 10 நிமிடமாக அளந்தோம். அதற்குப் பின் 5 நிமிடம் முழு அமைதி. முதல் அமைதி படுதோல்வி. ஒரு இருமல், ஒரு சிரிப்பு, பல்லி வேறு சொல்லித் தொலைத்தது, அந்தியூர்ப் பையன் “நல்ல சகுனம்” என்று முணுமுணுக்க, இரண்டு வரிசை குலுங்கியது.

வெறும் அமைதியில் மனது நிற்காது என்பதைப் பழையவர்கள் அறிந்திருந்தார்கள். எகிப்து வனாந்தரத்துத் துறவிகளோடு வாழ்ந்து, 5ஆம் நூற்றாண்டில் அவர்கள் சொன்னதை எழுதிவைத்த யோவான் காசியான், அலைகிற மனதுக்கு ஒரே ஒரு வசனத்தைக் கொடுத்துக் கட்டச் சொல்கிறார்: ‘தேவனே, என்னை விடுவியும், கர்த்தாவே, எனக்குச் சகாயம்பண்ணத் தீவிரியும்.’ சங்கீதம் 70இன் முதல் வசனம். எந்த நினைவு வந்தாலும் இதற்கே திரும்பு என்பது அவர்கள் பயிற்சி. அதற்கு ஒரு நூற்றாண்டு கழித்து மடத்துக்கு விதி எழுதிய பெனதிக்த், கூடிச் செய்யும் மௌன ஜெபம் குறுகியதாகவே இருக்க வேண்டும், தலைவர் சைகை காட்டியதும் எல்லோரும் சேர்ந்து எழ வேண்டும் என்றார். துறவிகளுக்கே குறுகியது என்றால் இரண்டாம் வருஷ எலக்ட்ரானிக்ஸ்காரனுக்கு எவ்வளவு? 5ஐ 2 ஆக்கினோம். வசனத்தை எல்லோரும் ஒருமுறை சேர்ந்து சொல்லிவிட்டு அமைதிக்குள் போவது என்றானது.

அந்த 2 நிமிடத்தை எந்த நேரத்தில் வைப்பது என்பதற்கு விடை பக்கத்துத் தறிக்கூடத்திலிருந்து வந்தது. ஆடி மாதத்தில் தெருக்கோடி மாரியம்மன் கோவில் மைக் ஓடியபோது, எங்கள் பிள்ளைகளில் ஒருவன் அந்தச் சத்தம் அடங்க வேண்டும் என்று சத்தமாகவே ஜெபித்தான். எனக்கு அது பிடிக்கவில்லை. வருஷத்தில் சில நாள் அவர்கள் கும்பிடுகிறார்கள். வாரா வாரம் நம் கீபோர்டை அந்தத் தெரு பொறுத்துக்கொள்கிறது. கூட்டம் முடிந்து இறங்கியபோது தறிக்கூடத்து அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

“ஏனுங்க, எங்க தறிச்சத்தம் புள்ளைங்களுக்குத் தொந்தரவா இருக்குதுங்களா?”

இல்லைங்க, பழகிப்போச்சு, திடீரென்று நிற்கும்போதுதான் என்றேன்.

“ஆறரைக்கு வெளக்கு வெக்கறப்ப சித்த நேரம் நிறுத்துவோமுங்க. மாமியா காலத்துலருந்தே அப்படித்தானுங்க.”

சீட்டில் “தறி நின்னப்போ” என்று எழுதினவன் சொன்ன நேரம் அதுதான். அடுத்த வாரத்திலிருந்து எங்கள் அமைதி 6:30க்கு. அங்கே தறி நிற்கும், இங்கே சங்கீதம் 70 சொல்லிவிட்டு நாங்களும் நிற்போம். தலையைத் தூக்க வைத்த அதே ஓய்வு இப்போது தலையைக் குனிய வைக்கிற மணியாகிவிட்டது. யாரும் மணி அடிக்கத் தேவையில்லை.

பையிலேயே வந்தவை

அம்மாவின் ஆபரேஷன், மார்க், வீட்டுக் கடன். இவை நாற்காலியைத் திருப்பினால் போகாதவை. முடிக்காமல் விட்டு வந்த வேலை அடுத்த வேலையிலும் மனதைப் பிடித்திழுக்கும் என்று 2009இல் சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் அலுவலக வேலைகளை வைத்துக் காட்டினார். ஜெபத்துக்கு இது இன்னும் பொருந்தும், ஏனென்றால் ஜெபத்தில் அந்தக் கவலையைத் தள்ளிவிட வேண்டிய அவசியமே இல்லை. வாசலில் டீ வாங்கும்போதே ஒரு சீட்டில் இன்றைக்கு மனதில் கிடக்கும் பாரத்தை எழுதிப் பெட்டியில் போடலாம். விண்ணப்ப நேரத்தில் நடத்துகிறவர் பெயரில்லாமல் நாலைந்தை வாசித்து, அதற்காகவே ஜெபிப்பார்கள். ஆபரேஷன் அம்மாவின் மகள் திரும்பி வந்த வாரம் அவளுடைய சீட்டும் வாசிக்கப்பட்டது. கவனத்தைக் கலைத்ததாக நாம் எண்ணினதே அன்றைக்கு ஜெபத்தின் பொருளாக இருந்தது. சத்தமாக ஜெபிக்கிறவர்களும் அமைதியாக ஜெபிக்கிறவர்களும் அதில் மட்டும் சண்டை போடவில்லை.

பாடும்போது ‘நான் நன்றாகப் பாடுகிறேனா’ என்று எழுதினவருக்கு எங்களிடம் வழி இல்லை. பாட்டின் இனிமை பொருளைவிட அதிகமாக என்னைத் தொடுகிறதே என்று அகுஸ்தீனே கலங்கியிருக்கிறார், அவருக்கே தீராதது எங்களுக்குத் தீருமா. மைக்கை ஒருவரிடமிருந்து இருவருக்கு மாற்றி வைத்துப்பார்த்தோம், இரண்டு பேருக்கும் அதே பிரச்சினை வந்தது.

நவம்பரில்

பருவம் முடிகிற வாரத்தில் நோட்டைப் பார்த்தால்: முதல் பாட்டு 5:36க்கு. வாசலைப் பார்த்துத் திரும்பும் தலைகள் நின்றுவிட்டன. செய்தியில் தூங்கினவர் ஒருவர், முந்தின நாள் இரவு ரயிலில் வந்தவர். பரீட்சைக்கு முந்தின இரண்டு வாரம் எல்லாம் பழையபடி கலைந்தது, அதில் ஒன்றும் செய்ய முடியவில்லை. சத்த ஜெபத்தின் 10 நிமிடம் போதவில்லை என்று ஒரு பக்கமும், அதிகம் என்று இன்னொரு பக்கமும் இன்றுவரை சொல்கிறார்கள்.

இந்த ஆய்வில் ஒரு பழுது உண்டு, அதையும் எழுத வேண்டும். அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, 6:30 அமைதி முடிந்து எழுந்தபோது சத்தியமங்கலத்துப் பையன் பக்கத்தில் வந்து, மரியாதையாகத்தான் கேட்டான்: “அங்கிள், நீங்க எப்பங்க ஜெபம் பண்ணுவீங்க?” ஜூலையிலிருந்து நான் பின்வரிசையில் கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். அவன் இப்போதும் ஒரு கண்ணைத் திறந்துதான் வைத்திருக்கிறான் போலிருக்கிறது. அன்றைக்கு நோட்டைப் பொறுப்பாளரிடம் கொடுத்துவிட்டேன். நவம்பர்க் குறிப்புகள் அவன் எழுதியவை, கையெழுத்து மோசம், நேரம் சரியாகத்தான் இருக்கிறது.

அடுத்த வருஷத்துப் பொறுப்பாளராக வரப்போகிற பிள்ளைக்கு ப்ரொஜெக்டர் வாங்க ஆசை. 12 பாட்டு போரடிக்கிறதாம், சுவரில் வரிகளைக் காட்டினால் எத்தனை புதுப் பாட்டு வேண்டுமானாலும் பாடலாமாம், ஆளுக்கு 200 ரூபாய் சேர்க்க ஆரம்பித்துவிட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். மலையாள எழுத்தையும் பக்கத்திலேயே போடலாமே அங்கிள் என்று அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. ஜனவரியில் உட்கார்ந்து பேசுவதாக இருக்கிறது. பாட்டுத்தாள்கள் அதுவரை கீழ்வீட்டு அக்காவிடம் இருக்கின்றன, 40 அடித்ததில் 31 மிச்சம், பாதியில் டீக்கறை.